லிஃப்டில் ஏற்றிப் பார்க்காத நீலக் கார்

அம்மணி,

வருகிற சனிக்கிழமை நீங்கள் இன்னொரு பழைய கார் பார்க்கப் போகிறீர்கள் என்பது உங்கம்மாவின் போனைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. என்னிடம் யாரும் சொல்லவில்லை. உங்கம்மா குளிக்கப் போயிருந்தாள். போன் மேசைமேல் கிடந்தது. நீ அனுப்பிய செய்தி தானாக வெளிச்சம் போட்டுக்கொண்டு வந்து நின்றது. "சனிக்கிழமை இன்னொரு பழைய கார் பார்க்கணும். அப்பாகிட்ட சொல்லாதம்மா, அவரு மறுபடியும் ஆரம்பிச்சிருவாரு" என்று எழுதியிருந்தாய். அடுத்தவருக்கு வந்த செய்தியைப் படிப்பது தப்பு என்பாய். படித்துவிட்டேன். இனிமேல் படிக்காதது போல நடிக்க என்னால் ஆகாது.

கோபம் வந்தது உண்மை. சிங்காநல்லூரிலிருந்து பொள்ளாச்சி வரை, பழைய வண்டி வாங்க நினைப்பவர்கள் பணத்தை எண்ணுவதற்கு முன்னால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மில்லுக்குச் சரக்கு வேன் ஓட்டிக்கொண்டே, அது படுத்துக்கொள்ளும்போதெல்லாம் நானே பிரித்து நானே மாட்டித் தொழிலைத் தெரிந்துகொண்டவன். எடைக்குப் போட வைத்திருந்த ஓர் என்ஜினை வாங்கி வந்து வீட்டுக்குப் பின்னால் வைத்து, இங்கிலீஷ் கையேட்டில் படத்தைப் பார்த்து, புரியாத வார்த்தைக்கு அகராதியைப் புரட்டி, ஐந்து தடவை பிரித்து ஐந்து தடவை பூட்டினேன். ஐந்தாவது தடவை மூன்று போல்ட் மிச்சம் வந்தது. அவை எங்கே இருக்க வேண்டியவை என்று இன்று வரைக்கும் தெரியாது. என்ஜின் ஓடியது. அப்படிப்பட்ட ஒருவன் வீட்டில் இருக்கும்போது, அவனுக்குத் தெரியாமல் அவன் மகள் கார் வாங்குவதா என்று நினைத்துக்கொண்டு போனைக் கீழே வைக்கப் போனேன்.

அப்போது இரண்டாவது செய்தி வந்தது. "நான் போகலைம்மா. உங்க மாப்பிள்ளையே பார்த்து வாங்கட்டும், அவரே ஓட்டட்டும். எனக்குப் பஸ் போதும்."

உங்கம்மா ஈரத் தலையோடு வெளியே வந்ததும் கேட்டேன். நீ ஓட்டுவதையே விட்டுவிட்டாய் என்பது அதுவரைக்கும் எனக்குத் தெரியாது.

"அவ எதுக்கு வண்டி எடுக்கமாட்டேங்கறா? பயந்துட்டாளா?"

"அவளா பயப்படுவா? இனி வண்டி விசயத்துல நீ தலையிடாதே, நீ பாத்து வாங்குன லட்சணம் போதும்னு மாப்பிள்ள சொல்லிப்போட்டாராம்."

"அதுக்கு இவ ஒண்ணும் சொல்லலியா?"

"என்னங்க சொல்லுவா? தப்பு அவ பேர்லதான இருக்குது."

உங்கம்மா தலையைத் துவட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். தப்பு யார் பேரில் இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியாது. மாப்பிள்ளைக்கும் தெரியாது. உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அதனால்தான் இதைத் தாளில் எழுதுகிறேன். போனில் பேசினால் நடுவில் நான் சத்தம் போடுவேன், நீ சரிங்ப்பா சரிங்ப்பா என்று வைத்துவிடுவாய். எழுதி முடித்ததும் உங்கம்மா இதைப் படம் பிடித்து அனுப்புவாள். சனிக்கிழமைக்கு முன்னால் உங்கள் கைக்கு வந்துவிடும்.

போன ஐப்பசியில் நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் நான் சொல்ல வேண்டும். நீங்கள் அமெரிக்காவுக்கு, மிச்சிகன் போய் நாலு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. உனக்கு அந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்தது. கார் இல்லாமல் முடியாது என்றாய். மாப்பிள்ளை வேலை விஷயமாக இரண்டு வாரம் வேறு ஊருக்குப் போயிருந்தார். வண்டியை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று நம் இருவரிடமும் விட்டுவிட்டுப் போனார். ஊருக்கே திரும்பி வரப் போகிற தமிழர் ஒருவர் தன் நீலக் காரை விற்கிறார் என்று உனக்கு யாரோ சொன்னார்கள். உங்களுக்குக் காலை, எங்களுக்குச் சாயங்காலம். வீடியோவில் கூப்பிட்டாய்.

நான் சொன்ன எல்லாவற்றையும் நீ செய்தாய். ராத்திரியெல்லாம் நின்ற வண்டியைத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும், அவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் திரும்பி வா என்றேன். பானெட்டைத் தொட்டுப் பார்த்து, சில்லென்று இருக்கிறது என்றாய். ஆயில் மூடியைத் திறந்து உள்பக்கம் தண்ணீர் கலந்து தயிர் ஆடை மாதிரி வெள்ளையாகப் படிந்திருக்கிறதா என்று காட்டச் சொன்னேன். காட்டினாய். புகையில் ஆயில் வருகிறதா என்று பார்க்கப் புகைக்குழாய்க்கு எதிரே வெள்ளைக் கைக்குட்டையைப் பிடிக்கச் சொன்னேன். பிடித்தாய். இடிபட்ட இடத்தைப் பட்டி பூசி மறைத்திருந்தால் அங்கே காந்தம் ஒட்டாது, ஒரு காந்தம் வேண்டும் என்றேன். பிரிட்ஜில் ஒட்டியிருந்த ஆப்பிள் பொம்மைக் காந்தத்தைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து நாலு கதவிலும் ஒட்டிக் காட்டினாய். பாப்பா அதைத் திரும்பக் கேட்டு அழுததுகூட எனக்குக் கேட்டது. பிறகு போனை என்ஜின் பக்கத்தில் வைக்கச் சொல்லிக் கண்ணை மூடிக் கேட்டேன். நல்ல சத்தம். ஒரு குறையும் இல்லை.

அதற்குப் பிறகுதான் வண்டியை விற்கிற அந்தத் தம்பி போனை வாங்கினார்.

"ஏனுங்கய்யா, கோயமுத்தூருங்களா? நாங்க அவிநாசிங்க. கோயிலுக்குப் பின்னால வீதி."

"அப்படீங்களா. சிங்காநல்லூருங்க நாங்க. அப்ப நம்ம பக்கம்தான்."

"ஆமாங்கய்யா. ஒரு விசயமுங்க. பணம் குடுக்கறதுக்கு முந்தி ஒருக்கா மெக்கானிக் கடையில வண்டியத் தூக்கற லிஃப்ட்ல ஏத்தி அடியில பாத்துக்கறது நல்லதுங்க. இந்த ஊர்ல பனிக்கு ரோடு முச்சூடும் உப்பக் கொட்டுவாங்க. நான் வாங்கியே ரெண்டு வருசம்தானுங்க ஆச்சு. அடியில எப்படி இருக்குதுன்னு எனக்கே தெரியாதுங்க."

"தம்பி, நீங்க நம்மூரு. நீங்க குடுக்கற வண்டியக் கொண்டுபோயி வேத்தாளுகிட்டக் காட்டி, இது சரியா தப்பான்னு கேக்கறதுங்களா? உங்கள அவமானப்படுத்தற மாதிரி ஆயிருமுங்க."

"அப்படியெல்லாம் இல்லீங்கய்யா, இங்க எல்லாரும் பாக்கறதுதானுங்க."

"வேண்டாமுங்க. என்ஜின நான் கேட்டுட்டேன். அது போதும்."

நீ இடையில் வந்தாய். "பாத்தா என்னுங்ப்பா? பக்கத்துலதான் கடை இருக்குது."

"சும்மா இரு கண்ணு. பெரியவங்க பேசிட்டிருக்கறோமல்ல."

அந்தப் பெரியவருக்கு உன்னைவிட இரண்டு வயது குறைவாக இருக்கும்.

நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியாததல்ல. தெரிந்தவர், நம்மூர்க்காரர் ஒரு பொருளைக் கொடுத்தால், அதை மூன்றாவது ஆளிடம் காட்டி விசாரிப்பது அவரை அடிப்பதற்குச் சமம் என்று நினைக்கிறவர்கள் நாம். அவரே காட்டிக்கொள்ளுங்கள் என்றாலும், அது அவருடைய பெருந்தன்மை, நாம் வேண்டாம் என்று சொல்வது நம்முடைய மரியாதை என்று கணக்கு. இந்த வழக்கத்தைத்தான் நான் அன்றைக்குப் பிடித்துக்கொண்டேன் என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். இப்போது எழுதும்போது அதைச் சரியாகப் பார்க்கிறேன். மரியாதை பாதிதான். எங்கோ இருக்கிற ஒரு கடைக்காரன், நான் நல்லது என்று சொன்ன வண்டியைத் தூக்கி மேலே ஏற்றி, எனக்கு மேல் ஒரு தீர்ப்புச் சொல்வதா என்பதுதான் மீதி. அந்தத் தம்பி பத்து ஊர் தள்ளிப் பிறந்தவராக இருந்திருந்தாலும் நான் வேறு ஒரு சாக்கைக் கண்டுபிடித்திருப்பேன்.

உப்பு என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. மண்டையில் ஏறவில்லை. நம் ஊரில் வண்டிக்கு மேலிருந்துதான் வயதாகும். வெயிலில் பெயிண்ட் வெளுக்கும், டேஷ்போர்டு வெடிக்கும், சீட் கிழியும். அடிப்பாகம் சேறும் தூசியும் பூசிக்கொண்டு அப்படியே இருக்கும். நான் இத்தனை வருஷத்தில் அடியில் குனிந்து பார்த்ததெல்லாம் ஆயில் ஒழுகுகிறதா என்றுதான். உங்கள் ஊரில் வண்டிக்கு அடியிலிருந்து வயதாகும் என்பது எனக்குத் தெரியாது. தெரியாததை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கம் இல்லை. தெரிந்தது போலப் பேசினேன் பார், அதைத்தான் சொல்ல வருகிறேன்.

தை மாதம் அது நடந்தது. பாப்பாவைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு வருகிறாய். சிக்னலில் நிறுத்தப் பிரேக்கை மிதித்தால் கால் தரை வரைக்கும் போகிறது. துருப்பிடித்த பிரேக் குழாய் வெடித்துவிட்டது. நீ கையைப் பதறவிடாமல் ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, முன்னால் நின்ற வண்டியின் மேல் விடாமல் ஒதுக்கி, ரோட்டோரம் குவித்து வைத்திருந்த பனிமேட்டில் கொண்டுபோய்ச் செருகினாய். பாப்பாவுக்கு ஒரு கீறல் இல்லை. மறுநாள் கடையில் அதை லிஃப்டில் ஏற்றி, அடிச்சட்டத்தில் ஸ்குரூடிரைவரை வைத்து அழுத்தினார்களாம். அப்பளம் மாதிரி உதிர்ந்தது என்று படம் அனுப்பினாய். அந்தப் படத்தை நான் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். வண்டியை உடைக்கக் கொடுத்தீர்கள். உடைக்கிறவன்கூட என்ஜினை மட்டும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டானாம். என்ஜின் நன்றாகத்தான் இருந்தது. அதில் நான் இன்றைக்கும் பின்வாங்க மாட்டேன்.

அந்தப் படம் வந்த அன்று சாயங்காலம் நீங்கள் இருவரும் வீடியோவில் வந்தீர்கள். மாப்பிள்ளைதான் முதலில் பேசினார்.

"மாமா, நான் ஊருக்குப் போறப்ப ஒண்ணே ஒண்ணுதானுங்க சொல்லிட்டுப் போனேன். வாங்கறதுக்கு முந்தி கடையில காட்டிப்போடுன்னு. இப்பக் கேட்டா, எனக்குத் தேவையில்லைன்னு தோணுச்சு, அதான் காட்டலைங்கறா. பாப்பா பின்னால ஒக்காந்திருந்தா மாமா."

நீ அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். ஒரே ஒரு தடவை நிமிர்ந்து திரையைப் பார்த்தாய். என்னைத்தான் பார்த்தாய். பிறகு குனிந்துகொண்டாய். நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரு வரி. வேண்டாம் என்றது நான்தானுங்க மாப்பிள்ளை. அவ்வளவுதான். அதைச் சொல்லாமல் சும்மா இருந்திருந்தாலும் பாதிப் பாவம்தான். நான் சும்மா இருக்கவில்லை.

"அவ சின்னதுல இருந்தே அப்படித்தானுங்க மாப்பிள்ள. எதையும் ஆற அமரப் பாக்கமாட்டா. அவசரம்."

இதைச் சொன்னது என் வாய். நீ எழுந்து பாப்பாவுக்குப் பால் கலக்கப் போகிறேன் என்று போய்விட்டாய். மாப்பிள்ளைக்கு முன்னால் மாமனாரின் தலை குனியக்கூடாது என்று நீ உன் தலையைக் கொடுத்தாய். நான் அதை வாங்கிக்கொண்டதும் இல்லாமல் அதன்மேல் ஏறி மிதித்தேன்.

அதோடு விட்டேனா என்றால் இல்லை. மனசு அரித்துக்கொண்டே இருந்தது. அரிக்கிற இடத்தில் சொறியாமல் வேறு ஆளைத் தேடினேன். மாசி மாதம் ஒரு நாள், வண்டி பார்க்கப் போகிறேன் என்று உங்கம்மாவிடம் சொல்லிவிட்டு அவிநாசிக்குப் பஸ் ஏறினேன். அந்தத் தம்பி ஊருக்கு வந்துவிட்டார் என்று நீ ஒரு தடவை பேச்சுவாக்கில் சொல்லியிருந்தாய். கோயிலுக்குப் பின்னால் வீதியில் இரண்டு வீட்டில் கேட்டு, மூன்றாவது வீட்டைக் கண்டுபிடித்தேன். அவருடைய அம்மா கதவைத் திறந்தார்.

"வாங்க, ஒக்காருங்க. வெயில்ல வந்திருக்கறீங்க, மொதல்ல தண்ணி குடிங்க."

"தண்ணி குடிக்க வரலீங்க. உங்க பையன் வித்த வண்டியில என்ர பொண்ணும் பேத்தியும் சாகப் பாத்தாங்க. அதக் கேக்க வந்திருக்கறேன்."

தம்பி உள்ளேயிருந்து ஈரக்கையோடு வந்தார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டார். "அக்காவுக்கு ஒண்ணும் ஆகலீங்களே? பாப்பா நல்லா இருக்குதுங்களா?" என்றார். முதலில் அதைத்தான் கேட்டார். சண்டைக்கு வந்தவனுக்கு இதைவிடச் சங்கடம் கிடையாது. ஒன்றும் ஆகவில்லை என்று சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார்.

"ஐயா, நான் சொன்னனுங்களே. லிஃப்ட்ல ஏத்திப் பாத்துருங்கன்னு."

"ஒருக்காச் சொன்னீங்க. அழுத்திச் சொல்லியிருக்கோணுமல்ல."

அவருடைய அம்மா சொம்பை என் பக்கத்தில் வைத்துவிட்டு, குரலை உயர்த்தாமல் கேட்டார். "ஏனுங்க, மெதுவாச் சொன்னதையே நீங்க கேக்கலீன்னா, அழுத்திச் சொல்லியிருந்தா மட்டும் கேட்டிருப்பீங்களாக்கும்?"

தம்பிதான் அம்மாவைக் கையமர்த்திவிட்டுப் பேசினார். "அக்கா மறுநாளு காலையில என்னையக் கூப்பிட்டாங்கய்யா. கடையில நேரம் வாங்கிட்டேன், வண்டியக் கொண்டுட்டு வாங்க தம்பின்னாங்க. நானும் சரீன்னேன். அப்பறம் மத்தியானம் அவங்களே மறுபடி கூப்பிட்டு, வேண்டாம் தம்பி, கடைக்கு வரலேன்னு சொல்லிட்டேன், அப்பா வேண்டாம்னு சொன்னப்பறம் அவருக்குத் தெரியாமச் செஞ்சா நல்லா இருக்காதுன்னாங்க."

இது எனக்குத் தெரியாது, அம்மணி. நீ கடையில் நேரம் வாங்கினது, திரும்பக் கூப்பிட்டு வேண்டாம் என்றது எதுவும் எனக்குத் தெரியாது. நீ என் பேச்சைக் கேட்டுச் சும்மா இருந்துவிட்டாய் என்றுதான் நினைத்திருந்தேன். உனக்கு எது சரி என்று தெரிந்திருந்தது. செய்யவும் கிளம்பினாய். என் பேச்சைத் தாண்டக் கூடாது என்று உன்னையே நீ நிறுத்திக்கொண்டாய். அந்தம்மா சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று இலை போட்டுவிட்டார். நான் உட்காரவில்லை. சண்டை போட வந்த வீட்டில் சாப்பிட எனக்குத் தெரியாது. பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து, இரண்டு வாழைப்பழம் தின்றுவிட்டு வீடு வந்தேன்.

வந்தவன் அன்றைக்கே உனக்குப் போன் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. மாசி போய், பங்குனி போய், சித்திரையும் பாதி ஆகிவிட்டது. நீ பனியில் பஸ்ஸுக்கு நின்றிருக்கிறாய். நான் இங்கே மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, அவளே சொல்லாதபோது நான் எதற்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நடந்ததில் எது மிக மோசம் என்று கேட்டால், இந்த இரண்டு மாதத்தைத்தான் சொல்வேன்.

சின்னதிலிருந்தே அவசரக்காரி என்றேன் அல்லவா. நீ பிளஸ் ஒன் படிக்கும்போது ஒரு சனிக்கிழமை என்னோடு பொள்ளாச்சிக்கு வந்தாய். ஒரு தேங்காய் வியாபாரி பழைய வேன் ஒன்றைப் பார்த்துச் சொல்லக் கூப்பிட்டிருந்தார். நான் சுற்றிச் சுற்றிப் பார்த்து, சத்தம் கேட்டு, மீட்டரைப் பார்த்து, குறைச்சலாகத்தான் ஓடியிருக்கிறது, தைரியமாக வாங்கலாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். நீ டிரைவர் சீட்டில் சும்மா ஏறி உட்கார்ந்திருந்தவள், "ஏனுங்ப்பா, மீட்டர் கம்மியாக் காட்டுது. பிரேக் பெடல் ரப்பரு தேஞ்சு இரும்பு தெரியுது. அதெப்படி?" என்றாய். எட்டிப் பார்த்தேன். கியர்க் குமிழில் எண்கள்கூட அழிந்திருந்தன. மீட்டரைப் பின்னால் திருகியிருந்தார்கள். நான் வியாபாரியைத் தனியாகக் கூட்டிப்போய், பெடலைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டேன், இந்த வண்டி வேண்டாம் என்றேன். கண்டுபிடித்துவிட்டேன் என்றேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் நீ கேட்டாய், "நாந்தானுங்ப்பா பாத்தேன்?" என்று. "பாத்தது நீ. அதுக்கு அர்த்தம் சொன்னது நானு" என்றேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். அதற்குப் பிறகு எத்தனையோ பேருக்கு அந்தப் பெடல் விஷயத்தை என் சொந்தச் சரக்காகச் சொல்லியிருக்கிறேன். அவசரம் உனக்கு எப்போதும் இருந்ததில்லை. நான் பார்க்காமல் விட்டதைப் பார்த்தவள் நீ.

சனிக்கிழமை நீ போக வேண்டும். மாப்பிள்ளை வேண்டாம் என்றாலும் போக வேண்டும். இந்த மூன்று மாதமாக உப்பு இரும்பை என்ன செய்யும் என்று போனில் தேடித் தேடிப் பார்த்துப் படித்திருக்கிறேன். அதை மட்டும் சொல்லிவிடுகிறேன், மற்றது உன் கண் பார்த்துக்கொள்ளும். விற்கிறவர் சொல்லும் கடைக்குப் போகாதே. நீ விசாரித்து வைத்திருக்கும் கடைக்குப் போ. ஏற்றிய பிறகு காத்திருக்கும் அறையில் உட்காராதே. விடுவார்களா என்று கேட்டு, வண்டிக்கு அடியில் போய் நீயே நின்று பார். பிரேக் குழாய் எந்த வழியாகப் பின்சக்கரத்துக்குப் போகிறது என்று காட்டச் சொல். அடிப்பாகம் மட்டும் புதிதாகக் கறுப்புப் பெயிண்ட் அடித்துப் பளபளவென்று இருந்தால் சந்தேகப்படு, அதற்குக் கீழே துரு இருக்கலாம். விற்கிறவர் நம்மூர்க்காரராக இருந்தால், ஏனுங்க என்று அன்பாகப் பேசினால், நீயும் அன்பாகப் பேசு. பேசிக்கொண்டே வண்டியை மேலே ஏற்றச் சொல். அது அவமானம் இல்லை என்று அந்த அவிநாசித் தம்பியே என்னிடம் சொன்னார். நான்தான் கேட்கவில்லை.

பெரியவர்கள் சொன்னால் தாண்டக் கூடாது என்று உனக்குப் பழக்கினவன் நான். அந்தப் பழக்கத்தில் கொஞ்சத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். முழுசாக வாங்கிக்கொள்ளவில்லை. ஆனால் உன் குழந்தை பின்சீட்டில் உட்காரும் ஒரு விஷயத்தில், நான் இங்கே சிங்காநல்லூரில் உட்கார்ந்துகொண்டு வேண்டாம் என்றால், சரிங்ப்பா என்று சொல்லிவிட்டு நீ நினைத்ததைச் செய். பிறகு எனக்குச் சொல். நான் ஒரு வாரம் பேசாமல் இருப்பேன். அது உனக்குப் புதிதில்லை.

இதுவரைக்கும் எழுதியதை நேற்று உங்கம்மாவிடம் படித்துக் காட்டினேன். முடித்ததும் அவள் கேட்டாள்.

"இத்தனையும் வயித்துல வெச்சுட்டு எப்படீங்க உங்களுக்குச் சோறு எறங்குச்சு?"

"மாப்பிள்ளைக்கு முன்னால மானம் போயிருமேன்னு பாத்தேன்."

"அவ மானம் போறப்ப எங்க பாத்துட்டிருந்தீங்க?"

அவள் பதிலுக்கு நிற்கவில்லை. கண்ணாடியைக் கொண்டுவந்து கொடுத்து, மிச்சத்தையும் எழுதி முடிங்க என்றாள்.

மாப்பிள்ளை, இந்த இடத்தை அவள் உங்களுக்குப் படித்துக் காட்டாமல் தாண்டப் பார்ப்பாள். போனை வாங்கி நீங்களே படித்துக்கொள்ளுங்கள். நீலக் காரைக் கடையில் காட்ட வேண்டும் என்றது உங்கள் மனைவி. நேரம்கூட வாங்கிவிட்டாள். வேண்டாம் என்று தடுத்தது நான். உங்களிடம் என்னைக் காட்டிக்கொடுக்காமல் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டாள். நீங்கள் அவளைக் குறை சொன்னபோது நானும் சேர்ந்து சொன்னேன். மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. நடந்ததை நடந்தபடி சொல்லத் தெரியும், சொல்லிவிட்டேன். என்னைப் பற்றி இனி நீங்கள் என்ன நினைத்தாலும் அது நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் ஒன்று. பிரேக் போன வண்டியை, குழந்தையைப் பின்னால் வைத்துக்கொண்டு, யார்மேலும் மோதாமல் நிறுத்தியவளைப் பார்த்து இனி வண்டிப் பக்கம் வராதே என்று சொன்னது உங்கள் தப்பு. அதற்கு நான் பொறுப்பில்லை.

அம்மணி, ஆனி மாதம் எங்களை அங்கே வரச் சொல்லி நீ மூன்று தடவை கேட்டுவிட்டாய். முழங்கால் வலி என்றேன், குளிர் என்றேன், ஆனியில் குளிர் இல்லை என்று நீ சொன்னதும் வீட்டைப் பார்க்க ஆள் இல்லை என்றேன். உண்மையில் உன் முகத்தை நேரில் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. இப்போது வருகிறேன். ஒரு நிபந்தனை. விமான நிலையத்துக்கு எங்களைக் கூட்டிப்போக நீ ஓட்டிக்கொண்டு வர வேண்டும். மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து வரட்டும், இல்லை வீட்டில் இருந்து ரசம் வைக்கட்டும், அது அவர் இஷ்டம். பரண்மேல் இருக்கும் பெட்டியை இறக்கச் சொல்லி உங்கம்மா நேற்றிலிருந்து என்னைப் பிடுங்குகிறாள். சனிக்கிழமை அந்த வண்டியை ஓட்டிப் பார்த்தது யார் என்று தெரிந்த பிறகுதான் இறக்குவேன் என்று சொல்லிவிட்டேன்.

உன் அப்பா